எந்தக் காலத்து ஆட்டக்காரர் பெரியவர்?

(கீரனூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2018-இல் தஞ்சாவூரில் நடந்த ஒரு சாலை விபத்தில் காலியா குலோத்துங்கன் இறந்துபோனார். இங்கிருந்து தஞ்சாவூர் அதிக தூரமில்லை. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் இந்த அவையில் தலையாட்டியவர்கள் சிலர்தான். அவர் நடுக்கள ஆட்டக்காரர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் 2003-இல் ஜகார்த்தாவுக்குப் போய் ஆசியான் கிளப் கோப்பையை ஜெயித்து வந்ததே, அந்த அணியில் இருந்தவர். அடுத்த பருவத்தில் தேசிய லீக்கை வென்ற அணியிலும் இருந்தார். தஞ்சை மண்ணில் பந்து தட்டிப் பழகிய ஒருவர் கொல்கத்தாவின் சிவப்பு மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த உயரத்துக்குப் போனார்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தக் கிளப்பைப் பற்றித்தான். நூறாண்டு கடந்த கிளப். அதன் ரசிகர்கள் ஓயாமல் நடத்தும் வழக்கு ஒன்று உண்டு: இந்தச் சட்டையைப் போட்டவர்களிலேயே தலைசிறந்தவர் யார்? தாத்தா ஒரு பெயர் சொல்வார், அப்பா ஒரு பெயர் சொல்வார், பேரன் மூன்றாவது பெயர் சொல்வான். மூவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கும் இந்த வழக்கில் ஒரு கட்சி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இப்படிப்பட்ட வழக்கை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதில் எனக்கு இருக்கும் உறுதியை உங்கள் முன் வைக்கிறேன்.

கிளப் பிறந்த கதையே ஒரு கோபத்தில் தொடங்குகிறது. 1920 ஜூலை 28. கூச் பெஹார் கோப்பைக்காக ஜோராபகான் அணியும் மோகன் பகான் அணியும் மோத வேண்டிய நாள். ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதுதான் காரணம் என்று பேச்சு. துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அவருக்காக வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை, பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் பிறந்துவிட்டது. 1947-இல் நாடு இரண்டான பிறகு கிழக்கிலிருந்து வீடு வாசலை விட்டுவிட்டு லட்சக்கணக்கானவர்கள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். அகதி முகாமிலும் குடிசையிலும் கிடந்தவர்களுக்குத் தங்கள் மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு கிளப் அந்த ஊரில் இருந்தது. அது ஜெயித்தால் சந்தையில் ஹில்சா மீன் விலை ஏறும் என்பார்கள். மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும்.

இப்படி ஓர் ஊர்ப்பற்றின் மேல் நின்ற கிளப்பின் முதல் பொற்காலத்தைக் கட்டி எழுப்பியவர்கள் யார் தெரியுமா? தெற்கத்தியர்கள். கிளப் செயலாளராக இருந்த ஜோதிஷ் குஹா தென்னாட்டு மைதானங்களிலிருந்து ஆட்களைத் தேடிக் கொண்டுவந்தார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. முன்வரிசையில் ஐந்து பேர், ஐவரும் நம் பக்கத்து மனிதர்கள். அகமது கான் பெங்களூர்க்காரர், அப்பாராவ் காக்கிநாடா, சாலே கோட்டயம். வங்காளிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். 1949-இல் இந்த ஐவர் ஒன்று சேர்ந்ததும் கொல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. ஷீல்டு 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து கிடைத்தது. 1951-இலும் 1952-இலும் டெல்லியின் டுராண்டு கோப்பை.

அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவர வேண்டும். கொல்கத்தா லீக் என்பது மழைக்கால லீக். மே மாதம் தொடங்கிப் புயல், மழை, சேறு எல்லாவற்றிலும் நடக்கும். பந்து தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், வெளியே தடித்த தோலைத் தைத்து, வாயை நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மழையில் தோல் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். அந்த நாடா முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். ஆட்டம் எழுபது நிமிடம். ஆட்டக்காரர்களில் பலர் கணுக்காலில் துணிக்கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வெறுங்காலில் ஆடினார்கள். காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு வரம். பாதம் முழுவதும் பந்தை உணரும், பெருவிரலால் பந்தைச் சுண்டித் திருப்பலாம். ஈரத்தில் அதே கால் வழுக்கும், எதிரே பூட்ஸ் போட்டவன் மிதித்தால் விரல் நசுங்கும். இந்தச் சேற்றில்தான் அகமது கான் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மூன்று பேர், நான்கு பேரைத் தாண்டிப் போனார். பாம்பாட்டி என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது இதனால்தான்.

அவரும் தன்ராஜும் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனவர்கள். பிரான்சிடம் இந்தியா 1–2 என்று தோற்ற ஆட்டம் அது. நம் அணிக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாயின. நம்முடைய ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று நசுங்கினோம். குளிரில், எதிரணியின் பூட்ஸுக்கு முன்னால், வெறுங்கால் ஆட்டத்தின் கதை அங்கே முடிந்தது. அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. அந்த நாளிலும் நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் அகமது கான்தான்.

இப்போது பாருங்கள். அகமது கானை எப்படி அளப்பது? நம் வீடுகளில் எம்.கே.டி.யா, டி.எம்.எஸ்.ஸா என்று சண்டை போட்டால் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்டுவிடலாம். 1934-இல் பாடியதும் 1964-இல் பாடியதும் காதில் விழும். அகமது கானுக்கு அந்தச் சாட்சி இல்லை. இருப்பதெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வந்த நாலு பத்திச் செய்தியும் பார்த்தவர்கள் சொன்னதும்தான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. 2017-இல் அகமது கானும் பெங்களூரில் காலமானார். படம் கிடைக்காத ஆட்டக்காரருக்கு வாக்கு குறைவது இயல்பு. ஆனால் அது அவருடைய ஆட்டத்தில் உள்ள குறை அல்லவே. எனவே இந்த வழக்கில் என் முதல் விதி, கண்ணால் பார்க்காததைக் கழிக்கக் கூடாது என்பது. அடுத்த விதி, ஓர் ஆட்டக்காரரைத் தூக்கி வேறு காலத்தில் நிறுத்திப் பார்க்கக் கூடாது. அகமது கானுக்கு இன்றைய பூட்ஸும் உணவும் உடற்பயிற்சியும் கொடுத்தால் என்ன செய்வார் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. அவர் காலம் அவருக்கு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்க மறுத்தது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்? இதற்குப் பதில் உண்டு, தேடினால் கிடைக்கும்.

இந்த இரண்டு விதியையும் கையில் வைத்துக்கொண்டு பலராமிடம் வருகிறேன்.

துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகுடா என்ற சிற்றூரில், வசதியில்லாத தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. ஐதராபாத்தின் மாபெரும் பயிற்சியாளர் ரகீம் கண்ணில் பட்டு, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் அணிக்குப் போனார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம். மறு ஆண்டு, 1957-இல், ஈஸ்ட் பெங்கால் அவரைக் கொண்டுவந்தது.

அவர் வந்து சேர்ந்த ஈஸ்ட் பெங்கால் எப்படிப்பட்டது? பாண்டவர்கள் கலைந்துவிட்டார்கள். அகமது கான் மட்டும் அந்தப் பத்தாண்டின் கடைசி வரைக்கும் இருந்தார், ஆனால் இளமை தாண்டியவராக. 1952-க்குப் பிறகு கொல்கத்தா லீக் கிளப்புக்குக் கிடைக்கவே இல்லை. எதிரே மோகன் பகான் ஒவ்வோர் ஆண்டும் பலம் கூடிக்கொண்டே போனது, அங்கே சுனி கோஸ்வாமி வளர்ந்துகொண்டிருந்தார். இந்த இடத்தில் பலராம் ஆறு பருவம் ஆடினார். இடது ஓரத்திலும் ஆடுவார், உள்ளே வந்து கோலடிக்கும் இடத்திலும் ஆடுவார், கீழே இறங்கிப் பந்தை வாங்கி ஆட்டத்தைக் கட்டவும் செய்வார். 1961-இல் அவர் கேப்டன். அந்த ஆண்டு லீக் ஒன்பது ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது. லீக்கிலேயே அதிக கோல் அடித்தவரும் கேப்டன்தான், 23 கோல். ஷீல்டையும் அந்த ஆண்டு மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டார்கள். அவர் போன பிறகு? அடுத்த லீக்குக்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வெற்றிக்கு முன்னால் ஒன்பது ஆண்டு வறட்சி, அதற்குப் பின்னால் ஐந்து ஆண்டு. நடுவில் ஒரு 1961. ஓர் ஆட்டக்காரருடைய எடையைப் போட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான தராசு எனக்குத் தெரியவில்லை.

நாட்டுக்காக அவர் செய்தது வேறு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி போன்ற அணியிடம் இந்தியா 1–2 என்றுதான் தோற்றது, அந்த ஒரு கோல் பலராமுடையது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். பி.கே., சுனி, பலராம் என்று மும்மூர்த்தியாக இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த மூவரில் பி.கே. பானர்ஜிக்கும் சுனி கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கிடைக்கவில்லை. அர்ஜுனா விருதோடு நின்றுவிட்டது. 1963-இல் நுரையீரல் நோயால் ஆட்டத்தை விட்டார். அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. அதன் பிறகு வங்காளத்திலேயே, உத்தர்பாராவில், தனியாக வாழ்ந்து 2023 பிப்ரவரியில் மறைந்தார். இந்தத் தமிழ்ப் பிள்ளையின் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் எங்கேயாவது உண்டா? இல்லை என்பது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

எழுபதுகளைப் பற்றிக் கொஞ்சம். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டு தொடர்ந்து லீக். 1970 ஷீல்டு இறுதியில் ஈரானின் பாஸ் கிளப்பை 1–0 என்று சாய்த்தார்கள், கோல் பரிமள் தே. 1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதி, மோகன் பகானுக்கு எதிராக 5–0. கோலடித்தவர்கள் சுரஜித் சென்குப்தா, ஷ்யாம் தாபா இரண்டு, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால். அந்தத் தலைமுறையைக் கேட்டால் ஒரு பெயர் சொல்ல மாட்டார்கள், பதினொரு பெயர் சொல்வார்கள். அது ஓர் அணியின் காலம். பி.கே. பயிற்சியாளராக இருந்து கட்டிய அணி. அங்கே தனி ஆளைத் தேடுவது அந்த அணிக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மஜீத் பிஷ்கர். 1980-இல் கிளப்பிலிருந்து முக்கியமான ஆட்டக்காரர்கள் கூட்டமாக வெளியேறிவிட்டார்கள். கொல்கத்தாவில் அப்போது ஒப்பந்தம் என்பதே ஓராண்டுக்குத்தான். பருவம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்களைக் கிளப்காரர்கள் கடத்தாத குறையாக அழைத்துக்கொண்டு போய் ஒளித்துவைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். காலியாகக் கிடந்த ஈஸ்ட் பெங்காலுக்கு, அலிகார் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். மஜீத், ஜாம்ஷித் நசீரி, கபாசி. மஜீத் அந்தச் சட்டையில் ஆடியது இரண்டே பருவம். 2019-இல் நூற்றாண்டு விழாவுக்காக அவரை ஈரானிலிருந்து அழைத்துவந்தபோது விமான நிலையத்தில் கூடிய கூட்டத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கவே முடியாத வயதுப் பிள்ளைகள் ஏராளம். பார்த்தவர்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்! இரண்டு பருவம் ஆடியவர் பத்துப் பருவம் ஆடியவர்களுக்குச் சமமாக நிற்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, நிற்கலாம், ஆனால் முதலிடத்தில் நிற்க முடியாது. ஒரு கிளப்பின் பெரியவர் கெட்ட ஆண்டுகளையும் அந்தச் சட்டையில் கழித்திருக்க வேண்டும்.

கிருஷானு தேயை இதே இடத்தில் சொல்லியாக வேண்டும். 1985-இல் மோகன் பகானிலிருந்து வந்தவர். இடது காலில் அவர் போடும் பாஸைப் பார்த்து இந்தியாவின் மரடோனா என்றார்கள். பிகாஷ் பாஞ்சி ஓடத் தொடங்கும் முன்பே பந்து அங்கே போயிருக்கும். 41 வயதில், 2003-இல், காலமாகிவிட்டார். அவர் காலத்தில் உடல் பலமே ஆட்டமாக மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காலம் மறுத்த ஒன்றை அவர் ஆடிக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் அவர்தான். பிடித்தவர் வேறு, பெரியவர் வேறு என்று நான் பிரித்துத்தான் பார்க்கிறேன்.

பேரன்கள் சொல்லும் பெயர் பாய்ச்சுங் பூட்டியா. 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டம். இந்திய மண்ணில் விளையாட்டுக்கு அப்படி ஒரு கூட்டம் கூடியது அபூர்வம். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வைர வடிவ வியூகம் ஒன்றைக் கொண்டுவந்து, அதுவரை வந்த அணிகளையெல்லாம் நசுக்கியிருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் இரு பயிற்சியாளர்களுக்கும் வாய்ச்சண்டை பத்திரிகைகளில் தீயாக எரிந்தது. எதிர்ப்பக்கம், ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளராக, பி.கே. இருந்தார். தத்தாவின் வியூகத்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த நாளில், சிக்கிமிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் மூன்று கோல் அடித்து ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனான். 4–1. ஆறு ஆண்டு கழித்து ஜகார்த்தாவில், ஆசியான் கோப்பையில், பிலிப்பைன்ஸ் ராணுவ அணிக்கு எதிரான ஆறு கோலும் பாய்ச்சுங்குடையவை. இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை 3–1 என்று வென்றபோது மைக் ஓகோரோ, பாய்ச்சுங், அல்விட்டோ ஆளுக்கு ஒன்று. குலோத்துங்கன் இருந்த அணி இதுதான். அதே பயணத்தில் தேப்ஜித் கோஷ் மைதானத்தில் நினைவிழந்து விழுந்தபோது ஓடிவந்து அவர் உயிரைக் காத்தவர் பிரேசில்காரர் டக்ளஸ். டக்ளஸ் பெயரை ரசிகர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம், அது எந்தக் கோல் கணக்கிலும் வராது.

பாய்ச்சுங்குக்குக் காலம் நிறையக் கொடுத்தது. தொலைக்காட்சி கொடுத்தது, தேசிய லீக் கொடுத்தது, இங்கிலாந்தில் பரி கிளப்புக்கு ஆடும் வாய்ப்பைக் கொடுத்தது. அவர் வாங்கியதை வீணாக்கவில்லை, இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார். இடையில் மோகன் பகானுக்கும் போனார் என்பதைச் சிலர் குற்றமாகச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆட்டக்காரனுக்குப் பிழைப்பு உண்டு.

ஒரு குறையை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை சொன்ன பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் கோலடித்தவர்கள், கோலடிக்கப் பந்து கொடுத்தவர்கள். இந்த வழக்கு எப்போதும் அப்படித்தான் சாய்ந்துவிடுகிறது. எழுபதுகளில் பின்கள ஆட்டக்காரர் சுதீர் கர்மகார் எத்தனை கோலைத் தடுத்தார் என்று யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? பீட்டர் தங்கராஜைப் பாருங்கள். ஐதராபாத்தில் பிறந்த நம்மவர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய், கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்தவர், 1962 தங்கத்துக்கான இறுதியாட்டத்தில் நின்றவர். ஈஸ்ட் பெங்கால் பட்டியல் போடுகிறவர்கள் அவரை எட்டாவதாகவோ பத்தாவதாகவோ எழுதுவார்கள். கோல்கீப்பரை முதலாவதாக எழுதிய பட்டியலை நான் பார்த்ததில்லை.

சரி, என் கட்சி. அகமது கானுக்குப் பக்கத்தில் நான்கு பாண்டவர்கள் இருந்தார்கள். எழுபதுகளுக்கு ஓர் அணியே இருந்தது. மஜீதுக்குக் காலம் போதவில்லை. பாய்ச்சுங்குக்குக் காலம் கைகொடுத்தது. கிளப் மெலிந்திருந்தபோது வந்து, ஆறு பருவம் அதைத் தோளில் தூக்கி, கேப்டனாகவும் முதல் கோல்காரனாகவும் ஒரே ஆண்டில் நின்று, உடம்பு ஒத்துழைக்காமல் முப்பதுக்கு முன்னாலேயே வெளியேறியவர் பலராம். கோப்பைகளின் எண்ணிக்கை அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவரை எடுத்துவிட்டு அந்த ஆறு ஆண்டைப் பார்த்தால் கிளப்பிடம் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். வேறு யாரை எடுத்துவிட்டாலும் அந்த அளவு பள்ளம் விழாது. என் வாக்கு துளசிதாஸ் பலராமுக்கு. அவர் தமிழர் என்பதால் இல்லை. தமிழர் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

இன்றைய ஆட்டக்காரர் நந்தகுமாரைப் பற்றி முன்வரிசையில் இருந்த தம்பி கேட்டார். 2023 ஆகஸ்ட் 12, டுராண்டு கோப்பை. அதற்கு முன் எட்டு மோதலில் தொடர்ந்து மோகன் பகானிடம் தோற்றிருந்தது ஈஸ்ட் பெங்கால். அந்தச் சங்கிலியை அறுத்த ஒரே கோல் சென்னைப் பையன் நந்தகுமார் சேகருடையது. ஐந்து மாதம் கழித்துப் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிசாவிடம் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோலும் அவருடையது. கூடுதல் நேரத்தில் கிளெய்ட்டன் சில்வா அடித்து 3–2 என்று ஜெயித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு கிளப்புக்கு வந்த தேசியக் கோப்பை. வலது பக்கமிருந்து உள்ளே வெட்டி இடது காலில் அடிக்கும் அந்த அடியை நீங்கள் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அவர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர், இந்தப் பட்டியலில் இப்போதே சேர்க்க மாட்டேன். பலராமோடு அவரை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: அவர் தூக்கி நிறுத்திய அணி அவருக்கு முன்னால் எப்படி இருந்தது, அவர் போன பிறகு எப்படி இருக்கப்போகிறது.

இனி உங்கள் நேரம். அகமது கானுக்காக வாதாட வருகிறவர்கள் 1952 ஹெல்சிங்கியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் உங்கள் கட்சியின் பலமான சாட்சி. பாய்ச்சுங் பக்கம் பேசுகிறவர்கள் 1997-ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் ஜகார்த்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குலோத்துங்கனோடு தஞ்சாவூர் மைதானங்களில் ஆடியவர்கள் யாராவது இங்கே வந்திருந்தால், அவர்களுக்குத்தான் முதலில் மைக்.